பத்தாவது கொசு

என் கண்ணைவிட்டு அகலாதவை இரண்டு சின்னக் கோடுகள். நீலப் பேனாவால் போட்டவை. ஒவ்வொன்றும் ஒரு அரிசியின் நீளம்கூட இருக்காது. மேல் வரியில் எழுதியதுதான் இந்த வரிக்கும் என்று சொல்ல, பள்ளிக்கூட நாளிலிருந்து நாம் எல்லோரும் போட்டுப் பழகிய அதே கோடுகள்தான். வருகைப் பதிவேட்டில் போடுகிறோம், மளிகைச் சீட்டில் போடுகிறோம். யாருக்கும் அதனால் ஒரு கெடுதலும் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் போட்ட இரண்டு கோடுகளால் ஒரு பெண்ணுக்கு மலேரியா வந்தது, அவர் பார்த்த வேலை போனது. போனது இவ்வளவுதான் என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவதாக ஒன்றும் போயிருக்கிறது என்று போன மாதம்தான் தெரிந்தது. அன்றிலிருந்து பிடரியில் யாரோ ஓங்கி அறைந்தது போலவே நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்பக்கம் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்து நடத்திய சின்னக் கொசு ஆய்வுக்கூடம் அது. பெயர் வேண்டாம், அது மூடியே பல வருடம் ஆகிறது, இப்போது அந்த வீட்டில் உடற்பயிற்சிக் கூடம் நடக்கிறது. விலங்கியல் படித்துவிட்டு விருதுநகரிலிருந்து வந்து, கொரட்டூரில் பெண்கள் விடுதி ஒன்றில் தங்கி, அங்கே உதவியாளராகச் சேர்ந்தேன். கொசுவின் வயிற்றை அறுத்துப் பார்ப்பதுதான் வேலை. ஊரில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அம்மா சொந்தக்காரர்களிடம் ஆஸ்பத்திரியில் வேலை என்று சொல்லிவைத்திருந்தாள். நானும் மறுக்கவில்லை. பொய்க்கு உடன்படுவது எனக்கு அப்போதே சுலபமாக வந்திருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

எனக்கு முன்பே பல வருடங்களாக அங்கே இருந்தவர் அக்கா. எல்லோருக்கும் அவர் அக்காதான். மேனாம்பேட்டுக்காரர். அவருடைய மாமனார் காலம்வரை அந்தக் குடும்பம் அங்கே இருந்த வயல்களில் கூலிக்கு உழைத்தது. வயல்கள் மனைகளான பிறகு ஆண்கள் பட்டறைகளுக்கும் பெண்கள் கிடைத்த வேலைகளுக்கும் போனார்கள். அக்காவுக்குக் கிடைத்தது கொசு வளர்ப்பு. தட்டுத் தட்டாகத் தண்ணீரில் புழுக்களை வளர்த்து, மீன் தீனியைப் பொடித்துத் தூவி, கொசுவாகிப் பறந்ததும் வலைக் கூண்டுகளுக்கு மாற்றுவார். ஒன்பதாவதோடு படிப்பு நின்றவர். ஆனால் தண்ணீரில் ஒரு புழு படுத்திருக்கும் விதத்தைப் பார்த்தே அது எந்த ஜாதிக் கொசு என்று சொல்லிவிடுவார். நான் புத்தகத்தைப் பிரித்து அதைச் சரிபார்ப்பேன். அதனால் எனக்கு அவர் வைத்த பெயர் டிகிரி. "இன்னா டிகிரி, புக்கு இன்னா சொல்லுது?" என்பார்.

பெண் கொசு முட்டையிட ரத்தம் வேண்டும். மற்ற ஆய்வுக்கூடங்களில் அதற்கு முயல் வைத்திருப்பார்கள். எங்களிடம் அக்காவின் இடது கை இருந்தது. செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கூண்டின் துணி வாய்க்குள் முழங்கைவரை கையை விட்டு, பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருப்பார். வலது கையால் கைப்பேசியில் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பார். சோப்பு வாசனை இருந்தால் கொசுக்கள் கிட்டே வராது என்பதால் திங்கட்கிழமை காலையிலிருந்தே இடது கைக்குச் சோப்பு கிடையாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் வெளியே போய்விட்டேன். ஐம்பது அறுபது கொசுக்கள் ஒரு கையை மொய்த்து, வயிறு சிவந்து உப்புவதை நின்று பார்க்க முடியவில்லை. அவர் கையில் தடிப்புகூட வரவில்லை, பழகிவிட்டிருந்தது. இவையெல்லாம் நோய் இல்லாத கொசுக்கள்தானே, பயந்துகொள்ளாதே என்று எனக்குத்தான் ஆறுதல் சொன்னார்.

நோயுள்ள கொசுக்கள் வேறு அறையில், இரட்டைக் கதவுக்குள் இருந்தன. அவற்றுக்கு மலேரியா நோயாளிகள் சம்மதித்துக் கொடுத்த ரத்தத்தை ஒரு சவ்வு வழியாகக் குடிக்கக் கொடுப்போம். அந்த ரத்தத்தோடு போகும் கிருமி கொசுவின் வயிற்றில் புழுப் போல நீண்டு, வயிற்றுச் சுவரைத் துளைத்து வெளிப்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் கண்ணாடிக் குமிழியாக வளரும். குமிழி வெடித்தால் உள்ளேயிருந்து நூல் நூலாக ஆயிரக்கணக்கில் கிளம்பி, கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் போய்க் காத்துக்கிடக்கும். அடுத்த கடியில் மனிதனுக்குள் இறங்கும். இவ்வளவும் நான் பரீட்சைக்குப் படித்தவைதான். ஆனால் கொசு இதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. சில கொசுக்களின் உடம்பு, சுவரைத் துளைத்து வரும் கிருமியை அடையாளம் கண்டு, சுற்றிலும் கருப்பாக ஒன்றைப் பூசி அதை அங்கேயே மூடிக் கொன்றுவிடும். நுண்ணோக்கியில் முதன்முதலாக அப்படி ஒரு வயிற்றைப் பார்த்த அன்று கண்ணை எடுக்கவே மனமில்லை. வெள்ளைத் துணியில் மிளகுப் பொடி சிந்தியது போலக் கருப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் செத்த கிருமி. எந்த யோசனையும் இல்லாமல் நான் தினம் அடித்துக் கொன்றுகொண்டிருந்த பூச்சி, தன் வயிற்றுக்குள் இப்படி ஒரு சண்டை போடுகிறது என்பதை ஜீரணிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

எங்கள் தலைவரை டாக்டர் என்போம். கிருமியை முழுக்கக் கருப்பாக்கிக் கொல்லும் கொசுக்களை மட்டும் பொறுக்கி, அவற்றின் முட்டைகளை எடுத்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்துக்கொண்டுபோனால் மலேரியாவைக் கடத்தாத கொசு கிடைத்துவிடும் என்பது அவர் கனவு. அந்தக் கூண்டுக்குக் கருப்புக் கூண்டு என்று பெயர். ஆனால் அவரே ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது இன்னொன்றும் சொன்னார். எல்லாக் கிருமியும் மாட்டிக்கொள்வதில்லை. சிலது தன் மேல்தோலால் கொசுவின் உடம்பை ஏமாற்றிவிடும், கொசு அதை அந்நியன் என்றே உணராமல் விட்டுவிடும், அப்படி ஒன்றே ஒன்று தப்பினாலும் போதும் என்றார். அக்கா மோர்க் குழம்பைப் பிசைந்தபடியே, "அப்ப ஒன்னு மட்டும் மாறுவேசம் போட்டுகினு உள்ள வந்துடும்னு சொல்லு சார்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

நோயுள்ள ரத்தம் குடித்த எட்டாம் நாள் கருப்புக் கூண்டிலிருந்து பத்துக் கொசுக்களை எடுத்து அறுக்க வேண்டும். பத்திலும் கருப்புப் புள்ளி மட்டும் இருந்து, ஒரு குமிழிகூட இல்லையென்றால், அந்தக் கூண்டு சுத்தம். டாக்டர் கையெழுத்துப் போடுவார், கூண்டு இரட்டைக் கதவைத் தாண்டி முட்டை அறைக்கு வரும். முட்டை அறை என்றால் அக்காவின் கை. யோசித்துப் பார்த்தால் நெஞ்சு பதறுகிற ஏற்பாடு. அப்போது யாரும் யோசிக்கவில்லை. அந்தக் கையைத் தினம் பார்த்தவள் நான், நானும் யோசிக்கவில்லை.

அந்தக் கோடுகளைப் போட்ட அன்றைக்கு வெளியிலிருந்து விருந்தினர்கள் வருவதாக இருந்தது. ஒரு சொட்டு உப்புநீரில் கொசுவைக் கிடத்தி, ஒரு ஊசியால் மார்பை அழுத்தி, இன்னொரு ஊசியால் வால் நுனியைப் பிடித்து இழுத்தால் வயிறு முழுசாக வெளியே வரும். ஒன்பது கொசுக்களுக்கும் அப்படியே வந்தது. ஒன்பதிலும் கருப்பு. பதிவேட்டின் முதல் வரியில் "கருப்புப் புள்ளி மட்டும், குமிழி இல்லை" என்று எழுதி, கீழே எட்டு வரிகளுக்கு மேற்படிக் கோடுகள் போட்டேன். பத்தாவது கொசுவில், கருப்புப் புள்ளிகளுக்கு நடுவே, தெளிவாக, உருண்டையாக ஏதோ ஒன்று மினுங்கியது. கண் இமைக்கும் நேரம்தான். இன்னும் நன்றாகப் பார்க்கலாம் என்று திருகைத் திருப்பினேன். லென்ஸ் இறங்கி மூடுகண்ணாடியை நசுக்கியது. வயிறு கிழிந்து கூழாகிவிட்டது. கிழிந்தால் கிழிந்தது என்று எழுதிவிட்டு, இரட்டைக் கதவுக்குள் போய் வேறு கொசுவை எடுத்து வந்து அறுக்க வேண்டும். கால் மணி நேர வேலை. அந்த நேரம் பார்த்து டாக்டர் கதவருகில் வந்து நின்றார். முகம் நிறையச் சிரிப்பு. பத்தும் கருப்புதானே என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். சொன்ன பிறகு எழுதாமல் எப்படி இருப்பது? இரண்டு கோடுகள் போட்டேன். அது காற்றுக்குமிழி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்தக் கூண்டுக்குள் இரண்டு செவ்வாய்க்கிழமைகள் அக்கா கைவிட்டார். அதற்கு அடுத்த வாரம் ஒருநாள் வேலைக்கு வரவில்லை, மறுநாள் வந்தார், மதியம் குளிர் நடுக்கத்தோடு சாக்குகளைப் போர்த்திக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே படுத்துவிட்டார். தொட்டுப் பார்த்தால் அடுப்பைத் தொட்டது போல் இருந்தது. விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைத் தடவி, சாயம் போட்டு, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்ததும் நான்தான். பார்த்த இரண்டாவது நிமிடமே தெரிந்துவிட்டது. ரத்த அணுக்களுக்குள் மோதிரம் மோதிரமாகக் கிருமி.  அக்காவே எழுந்து வந்து, என்னைத் தள்ளிவிட்டு, கண்ணை வைத்துப் பார்த்தார். "கீது" என்றார், அவ்வளவுதான். அதுவரை மற்றவர்களுடைய ரத்தத்தில் மட்டும் பார்த்ததைத் தன் ரத்தத்தில் பார்த்த அவர் முகம் வெளிறிப்போனது.

அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் செய்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கருப்புக் கூண்டில் ஏழு கொசுக்கள் உயிரோடு மிச்சம் இருந்தன. தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றின் உமிழ்நீர்ச் சுரப்பியையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டில் ஒன்றும் இல்லை. மூன்றாவதில் சுரப்பியைக் கண்ணாடியால் அழுத்தியதும், நூல் நூலாக, வளைந்து நெளிந்து வெளியே கொட்டியது. அதே கொசுவின் வயிற்றிலும் கருப்புப் புள்ளிகள் இருந்தன. அது அத்தனை கிருமிகளைக் கொன்றிருக்கிறது. ஒன்றிடம் மட்டும் ஏமாந்திருக்கிறது.  ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். மீதி நான்கு கொசுக்களையும் பார்க்காமலே கொன்றேன்.

மறுநாள் டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டுப் பதிவேட்டை விரித்துக் காட்டினார். கூண்டு சுத்தம், பத்துக்குப் பத்து, கையெழுத்தும் இருக்கிறது. ஆகவே நோய் இங்கிருந்து வந்ததல்ல, அக்காவின் தெருவிலிருந்து வந்தது என்றார். கொசுவுக்குக் கை கொடுப்பதும் எழுதிவைத்த எந்த விதியிலும் இல்லை, அவராக விரும்பிச் செய்தது என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. அவர் நம்பினார். என் கோடுகள் அவரை நம்ப வைத்தன. அக்காவை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சுகாதாரத்துறையினர் மேனாம்பேட்டில் அவர் வீட்டைச் சோதித்து, கிணற்றில் மலேரியாக் கொசுவின் புழு இருப்பதாகக் குறித்துக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அப்பாடா என்றிருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. எந்தத் திறந்த கிணற்றில் புழு இல்லை, கிருமி வந்தது கூண்டிலிருந்துதான் என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான். வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

ஆறு மாதத்தில் வேலையை விட்டுவிட்டு, கணினிப் படிப்பு ஒன்றை முடித்து, மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். கல்யாணம் ஆனது, திருமுல்லைவாயிலில் அடுக்குமாடி வீடு. கொசு வராமல் மேல்தொட்டியை மூடிவைக்கச் சொல்லிக் குடியிருப்போர் சங்கம் சுற்றறிக்கை அனுப்பினால் அதைப் படிக்காமலே நகர்த்திவிடுவேன். போன மாதம் எங்கள் அலுவலகச் சாப்பாட்டுக் கூடத்தில் தட்டோடு நின்றபோது பின்னாலிருந்து, "டிகிரி தானே?" என்று குரல். திரும்பினால் துப்புரவுப் பணியாளர் சீருடையில் அக்கா. மேசையைத் துடைக்கும் துணி கையில். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை, பார்த்த சந்தோஷம்தான். சனிக்கிழமை வீட்டுக்கு வா என்று கையைப் பிடித்துக்கொண்டார். இடது கை. அன்று நான் சாப்பிடவில்லை.

போனேன். சொல்லிவிட வேண்டும் என்ற முடிவோடுதான் போனேன். தெரு முழுக்கப் பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் இருந்தன. பத்து மணிக்குத் தண்ணீர் லாரி வருமாம். நான் வந்ததற்குக் காபி போட வேண்டுமென்று அக்கா ஒரு சொம்பு தண்ணீரை அளந்து ஊற்றினார். கிணறு இருந்ததே அக்கா என்று கேட்டுவிட்டேன். பேச்சை அதில் தொடங்கினால் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். சிமெண்ட் பூசிய தரையில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றிருந்தது.

அக்கா சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. அவருக்குக் காய்ச்சல் வந்த அடுத்த மாதம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் மலேரியா வந்திருக்கிறது. உங்கள் கிணற்றால்தான் என்று தெருவே கூடிவிட்டது. கோடையிலும் வற்றாத கிணறு, பாதித் தெரு அதில்தான் இறைத்துக்கொண்டிருந்தது. அதே ஜனம்தான் மூடு என்றது. அக்காவின் கணவருக்கு மனசே இல்லையாம். இடித்த கட்டடத்துக் குப்பையை இரண்டு லோடு கொண்டுவந்து கொட்டச் சொன்னது அக்காவே.

"மொத கூடைய நான்தான் கொட்னேன். எனக்குத்தான் கொசு தெரியுமே, அதான்."

 காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினேன். மினுங்கிய குமிழி, கிழிந்த வயிறு, போட்ட கோடுகள், பிறகு துடைத்துப்போட்ட கண்ணாடி, ஒன்றையும் விடவில்லை. அழுகை வந்தது, அழுதால் அவர் என்னைச் சமாதானப்படுத்தத் தொடங்கிவிடுவார் என்று அடக்கிக்கொண்டேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. மோட்டார் சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம், அன்று நுண்ணோக்கியிலிருந்து நிமிர்ந்தபோது இருந்ததே, அந்த முகம்.

"அப்ப கெணத்து மேல தப்பு இல்லியா?" என்று கேட்டார்.

உண்மையைச் சொல்வதென்று வந்த பிறகு பாதி சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கிணற்றுக் கொசு கடித்துத்தான் வந்திருக்கும் என்றேன். ஆனால் அந்தக் கொசுவுக்குக் கிருமி உங்கள் ரத்தத்திலிருந்து போயிருக்கும், உங்கள் ரத்தத்துக்கு எங்கள் கூண்டிலிருந்து வந்தது என்றேன். அவருக்கு இதை விளக்க வேண்டிய அவசியமே இல்லை. நான் வாயைத் திறந்ததுமே எல்லாம் புரிந்திருக்கும். "நாம குடுத்தத அது வாங்கிகிச்சி, அவ்ளோதான்" என்றார். நாம் என்று சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

தெருமுனையில் லாரி ஹாரன் அடித்தது. அக்கா எழுந்து, ஜன்னலிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டையும் பேனாவையும் எடுத்து என் மடியில் போட்டார். சண்டை வராமல் இருக்க வீட்டுக்கு ஆறு குடம் என்று தெருவில் பேசி வைத்திருக்கிறார்கள். யார் யார் பிடித்தார்கள் என்று எழுதுவது அக்காவின் பொறுப்பு. இன்றைக்கு நீ எழுது என்றார். லாரிக்குப் பக்கத்தில் ஒரு குடத்தைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். முதல் வீட்டுக்காரர் பெயரை எழுதி எதிரே ஆறு என்று எழுதினேன். இரண்டாவது வீட்டுக்கும் ஆறுதான். கை அதன் பாட்டுக்குப் போய், பேனா முனை தாளைத் தொட்டு ஒரு கோடு இழுத்துவிட்டது. இரண்டாவது கோடு போடுவதற்குள் அக்காவின் இடது கை நோட்டின் மேல் வந்து விழுந்தது.

"ஆறுனு எழுது" என்றார். "எல்லா ஊட்டுக்கும் எழுது."

கோட்டை அடித்துவிட்டு எழுதினேன். இருபத்திரண்டு வீடுகள். குடங்கள் நிரம்ப நிரம்ப ஒவ்வொரு வரியிலும் ஆறு என்று எழுத்தில் எழுதினேன். அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டிருந்தார். கடைசி வரி அவர் வீடு. கிணறு இருந்த வீட்டுக்கும் ஆறு குடம்தான்.